நோபல் பார்க்கில் முப்பதாவது நோன்பு

வியாழக்கிழமை மாலை ஏழு மணி முப்பத்திரண்டு நிமிடத்துக்கு, மெல்பர்னில் ஒரு துருக்கிக்கார டாக்சி ஓட்டுநர் என்னிடம், "நாளைக்குப் பெருநாள்" என்றார். நான் அதை அப்படியே நம்பிவிட்டேன். மறுநாள் முழுவதும் நான் பட்ட பாட்டுக்கு அந்த ஒரு வாக்கியம்தான் தொடக்கம். அவர் மேல் குறை இல்லை. அவர் கணக்குப்படி நாளைக்குப் பெருநாள்தான்.

எங்கிருந்து வந்தேன், எதற்கு வந்தேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

திருச்சியிலிருந்து திங்கள் இரவு கிளம்பினேன். சிங்கப்பூரில் விமானம் மாறி, செவ்வாய் மாலை சிட்னியில் இறங்கினேன். மகன் ஹாரிஸ் இருப்பது மெல்பர்னில். ஆனால் சிட்னிக்கு டிக்கெட் பன்னிரண்டாயிரம் ரூபாய் குறைவு. என் கணவர் ஒரு பாங்கில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வீட்டில் இந்தக் கணக்கெல்லாம் அவர் பொறுப்பு. அவர் என்னோடு வரவில்லை. அவருக்கும் மகனுக்கும் இரண்டு வருடமாகப் பேச்சு இல்லை.

காரணத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். படிக்கப் போன ஹாரிஸுக்கு மெல்பர்னிலேயே ஒரு பாங்கில் வேலை கிடைத்தது. அவன் அப்பாவுக்கு அன்றைக்கு இருந்த பெருமையை நான் வேறு எந்த நாளிலும் பார்த்ததில்லை. இரண்டு வருடம் கழித்து அந்த வேலையை விட்டுவிட்டான். தாடி வளர்ந்தது, கால்சட்டை கணுக்காலுக்கு மேலே ஏறியது. இப்போது மெல்பர்ன் புறநகர் டான்டினாங்கில் குளிர்சாதனப் பெட்டி பழுது பார்க்கிறான். கடைசியாக ஊருக்கு வந்தபோது தனியாக அரிசியும் பருப்பும் வாங்கிவந்து தானே சமைத்துச் சாப்பிட்டான். மூன்றாம் நாள் அப்பா கேட்டார். "பாங்க் சம்பளத்துல வட்டி கலந்திருக்கு அத்தா," என்று தலையைக் குனிந்துகொண்டு சொன்னான். அவர் பாதிச் சோற்றில் கையைக் கழுவிக்கொண்டு எழுந்து போய்விட்டார். அவனைப் பெற்றதிலிருந்து நான் ஊட்டிய ஒவ்வொரு கவளமும் அந்தத் தட்டில் கிடந்ததுபோல இருந்தது எனக்கு.

அப்படிப்பட்ட மனிதர், நான் கிளம்பும் முன்பு, நோன்புக் கஞ்சிக்கு நொய்யரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம் எல்லாவற்றையும் தானே கல் பொறுக்கி அளந்து, ஒரு பையில் போட்டு வாயைக் கட்டி என் பெட்டியில் வைத்தார். யாருக்கு என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

சிட்னி விமான நிலையத்தில் அந்தப் பையை எடுத்துவிட்டார்கள். அரிசி, பருப்பு, விதை எதுவும் அந்த நாட்டுக்குள் போகக்கூடாதாம். "நீங்களே அட்டையில் எழுதிக் கொடுத்ததால் அபராதம் இல்லை," என்று அந்த அதிகாரிப் பெண் கனிவாகத்தான் சொன்னாள். பை ஒரு மஞ்சள் தொட்டிக்குள் விழுந்த சத்தம் மட்டும் இன்னும் காதில் இருக்கிறது.

புதன்கிழமை குவேக்கர்ஸ் ஹில்லில் உறவுக்காரப் பெண் வீட்டில் தங்கினேன். ஒரே மாதிரிச் சாம்பல் கூரை போட்ட புது வீடுகள், தெருமுனைக்குத் தெருமுனை தமிழ்ப் பிள்ளைகள். எங்கள் தெருவில் நோன்பு காலத்தில் இரவெல்லாம் சத்தம் அடங்காது. அங்கே இரவுத் தொழுகைக்கு இருபது நிமிடம் காரில் போகவேண்டும்.

வியாழன் காலை ஏழு நாற்பதுக்கு சிட்னி சென்ட்ரலில் மெல்பர்ன் ரயில். கட்டணம் எண்பத்தொன்பது டாலர். தூரம் ஏறத்தாழ தொள்ளாயிரத்து ஐம்பது கிலோமீட்டர், பதினோரு மணி நேரம். பயணத்தில் நோன்பை விடலாம் என்று சலுகை உண்டு. நான் விடவில்லை. கோல்பர்ன் தாண்டியதும் மனிதரே இல்லாத மேய்ச்சல் நிலம் தொடங்கியது. காய்ந்த புல், ஒரே ஒரு மரம், அதன் நிழலில் நெருக்கியடித்து நிற்கும் ஆடுகள். வாகா வாகாவில் ஒரு கிழவர் ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்தார். உருளைக்கிழங்கு வறுவலை நீட்டினார். நோன்பு என்றேன். "தண்ணீர்கூட இல்லையா?" என்றார். இல்லை என்றேன். வறுவல் பொட்டலத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டவர் ஆல்பரியில் இறங்கும்வரை அதை வெளியே எடுக்கவில்லை.

நான் ஒரு கல்லூரியில் வரலாறு நடத்துகிறேன். முகலாயப் பேரரசின் வீழ்ச்சியும் மார்க்க மறுமலர்ச்சி இயக்கங்களும் என்பது பதினைந்து மதிப்பெண் கேள்வி. ஒரு வருடம் விட்டு ஒரு வருடம் வரும். நான் சொல்லிக்கொடுக்கும் விடை இது. டில்லியில் அரியணை இற்றுப்போனது. ஆற்காட்டு நவாபு பட்டத்தை வைத்துக்கொண்டு நாட்டைக் கும்பினியிடம் விட்டார். வரி வசூல், நீதிமன்றம், பட்டாளம் என்று ஒவ்வொன்றாகக் கைமாறியது. அதன்பிறகு மக்கள், எந்த அந்நியனாலும் பறிக்க முடியாததைத் தேடிப் பிடித்துக்கொண்டார்கள்: தொழுகை, உடை, உணவு, பிறை. தங்களைத் தாங்களே விசாரித்தார்கள். நாம் தூய்மையாக இல்லாததால்தான் எல்லாம் போயிற்று என்றார்கள். தலைமுறை தலைமுறையாக மாணவிகள் இதை அழகாக எழுதி மதிப்பெண் வாங்கிப் போனார்கள். அந்த மக்களுக்கும் வீட்டில் தாய் இருந்திருப்பாள் என்று எனக்கு முர்ரே ஆற்றுப் பாலத்தைக் கடக்கும்போதுதான் தோன்றியது. தன் மகன் தன் சோற்றைத் தொடாததைப் பார்த்து அவள் என்ன செய்தாள் என்று எந்தப் பாடத்திலும் இல்லை.

ஹாரிஸிடம் கடைசியாகப் பேசியது பத்து நாளைக்கு முன்னால். நோன்பின் கடைசிப் பத்தில் பள்ளிவாசலிலேயே தங்கி வணங்கும் இஃதிகாஃப் இருக்கப்போவதாகச் சொன்னான். வெளியே வரக்கூடாது, போனும் இருக்காது. "ஸ்டேஷனுக்கு வர முடியாதும்மா. தேவி அன்ரி வீட்டுல தங்கிக்கங்க. பெருநாளன்னைக்குக் காலையில நான் அங்க வந்து உங்களத் தொழுகைக்குக் கூட்டிட்டுப் போறேன். இங்க பொம்பளைங்களும் வருவாங்க." எங்கள் குடும்பத்தில் பெண்கள் பெருநாள் திடலுக்குப் போகும் வழக்கம் இல்லை. ஆண்கள் திரும்பி வருவதற்குள் பிரியாணி தம்மில் இருக்கவேண்டும், அவ்வளவுதான். ஐம்பத்திரண்டு வயதில் முதல் தடவையாக, மகனோடு போகப்போகிறேன் என்ற நினைப்பில்தான் பெட்டி கட்டினேன்.

ரயில் அரை மணி நேரம் தாமதம். சதர்ன் கிராஸ் நிலையத்துக்கு வெளியே டாக்சியில் ஏறிச் சிறிது தூரம் போனதும் ஓட்டுநர் வண்டியை ஓரங்கட்டி, ஒரு டப்பாவைப் பின்னால் நீட்டினார். பேரீச்சம்பழம். முக்காட்டைப் பார்த்து ஊகித்திருக்கிறார். இருவரும் நோன்பு திறந்தோம். பேசியது ஆங்கிலத்தில், தமிழில் தருகிறேன்.

"நாளைக்குப் பெருநாள்," என்றார்.

"பிறை தெரிந்துவிட்டதா?"

"நாங்கள் பிறையைத் தேடுவதில்லை அம்மா. எங்கள் நாட்டில் வருடத் தொடக்கத்திலேயே நாட்காட்டியில் அச்சடித்துவிடுவார்கள். இங்கே பெரிய பள்ளிவாசல்களும் வெள்ளிக்கிழமை என்று முன்னாடியே அறிவித்துவிட்டன."

சந்தோஷத்தில் எனக்கு வாய் கொஞ்சம் நீண்டுவிட்டது. நூறு வருடத்துக்கு முன்னால் உங்கள் சுல்தானின் கிலாபத்தைக் காப்பாற்ற எங்கள் ஊர்ப் பெண்கள் வளையலைக் கழற்றிக் கொடுத்தார்கள், தெரியுமா என்றேன்.

அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "நாங்கள் கேட்கவே இல்லையே!" என்றார். பிறகு சிரித்தார். "நாங்களே அவரைக் கப்பலேற்றிவிட்டோம். பாவம், உங்கள் வளையல்."

தேவி அன்ரி வீடு இருக்கும் நோபல் பார்க்குக்கு எண்பத்தாறு டாலர் ஆயிற்று. இறங்கும்போது, "மகனைப் பார்த்ததும் என் பெருநாள் வாழ்த்தைச் சொல்லுங்கள்," என்றார்.

தேவியக்கா யாழ்ப்பாணத்துக்காரர். அறுபத்தைந்து வயது இருக்கும். கணவர் இறந்து தனியாக இருக்கிறார். ஹாரிஸ் படித்த காலத்தில் அவர் வீட்டுப் பின்னறையில்தான் வாடகைக்கு இருந்தான். பள்ளிவாசல் பக்கம் வீடு பார்த்துக்கொண்டு போனபிறகும் மாதம் ஒருமுறை வந்து புல் வெட்டிக் கொடுக்கிறானாம். இது எனக்குப் புதுச் செய்தி.

"அந்தக் கதிரைதான் அவன்ர," என்று சமையலறையில் ஜன்னலோரம் கிடந்த நாற்காலியைக் காட்டினார். "முந்தி இரவிரவா அதில இருந்து போனைப் பார்த்துக்கொண்டு இருப்பான். ஒருத்தரோடயும் கதை இல்லை. பாங்கில அவனுக்கு ஹரி எண்டு பேர் வைச்சிருந்தவங்கள். நானும் பயந்தனான் ரீச்சர். பள்ளிக்குப் போகத் தொடங்கினாப் பிறகுதான் சிரிக்கத் தொடங்கினவன்."

நான் அந்த நாற்காலியில் உட்காரவில்லை.

வெள்ளிக்கிழமை விடியுமுன் குளித்து, மாம்பழ நிறப் பட்டுச் சேலை கட்டி, மேலே வெள்ளைத் துப்பட்டி போட்டுக்கொண்டு, வழக்கப்படி ஒரு பேரீச்சம்பழம் வாயில் போட்டுக்கொண்டு வாசலைப் பார்த்து உட்கார்ந்தேன். மைதானத்தில் தொழுகை எட்டு மணிக்கு என்று டாக்சி ஓட்டுநர் சொல்லியிருந்தார். ஏழரை வரைக்கும் அவன் வரவில்லை. போன் அணைத்தே கிடந்தது.

"நேர அங்க வருவான் போல. வாங்கோ, நான் கொண்டுபோய் விடுறன்," என்று தேவியக்கா கார்ச் சாவியை எடுத்தார்.

விளையாட்டு மைதானம். ஆயிரக்கணக்கானவர்கள். ஆப்கானியர்கள், போஸ்னியர்கள், சோமாலியர்கள், இந்தோனேசியர்கள். நீல நிறத் தார்ப்பாய்கள் மேல் பனி ஈரம். ஆண்களுக்குப் பின்னால் பெண்கள் வரிசை. எங்கள் பழக்கத்தில் பெருநாள் தொழுகையில் கூடுதலாக 'அல்லாஹு அக்பர்' என்று சொல்லும் தக்பீர் ஆறு. அங்கே பன்னிரண்டு சொன்னார்கள். எனக்குக் கணக்குத் தவறிப்போனது. கணக்குத் தவறியதற்கு அது மட்டும் காரணமில்லை. முன்னால் தெரிந்த அத்தனை முதுகுகளிலும் நான் ஒரு முதுகைத் தேடிக்கொண்டிருந்தேன். இடது தோள் சற்று இறங்கியிருக்கும். சின்ன வயதில் மரத்திலிருந்து விழுந்தது. ஸலாம் கொடுத்து எல்லோரும் திரும்பியபோது முகங்களைத் தேடினேன். பக்கத்தில் இருந்த சோமாலியப் பெண் என்னைக் கட்டிப்பிடித்து வாழ்த்துச் சொன்னாள். அவள் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதுவிட்டேன். அவள் ஒன்றும் கேட்காமல் முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தாள்.

கூட்டம் கலைந்து, தார்ப்பாய்களைச் சுருட்டும்வரை நின்றோம். அவன் வரவே இல்லை.

அவன் என்னைப் பார்க்க விரும்பவில்லை. அப்படித்தான் நினைத்தேன். வேறெப்படி நினைப்பது? அப்பா சோறு ஆகாது என்றவனுக்கு, அந்தச் சோற்றை ஆக்கியவள் மட்டும் எப்படி ஆகும்? வீட்டுக்கு வந்து தேவியக்கா தோசை வார்த்து வைத்தார். "ஒரு வாய் சாப்பிடுங்கோவன் ரீச்சர், நல்ல நாளும் அதுவுமா." என்னால் முடியவில்லை. தண்ணீர்கூட இறங்கவில்லை.

பத்தேகாலுக்குக் கணவருக்குப் போன் செய்தேன். திருச்சியில் அப்போது காலை நாலேமுக்கால். முதல் மணியிலேயே எடுத்தார்.

"தூங்கலையா?"

"ஸஹர் சாப்பிட்டுட்டு இருக்கேன்."

"ஸஹரா? நோன்பு வைக்கவா சாப்பிடுறீங்க? பெருநாள் இல்லையா?"

"காஜி பிறை தெரியலன்னு அறிவிச்சுட்டாரு. இங்க இன்னைக்கு முப்பது. அங்க பெருநாளா?" தட்டை நகர்த்தும் சத்தம் கேட்டது. "உன் மவன் வந்தானா?"

வரவில்லை என்றேன். மைதானத்தைச் சொன்னேன். வேறு எதையும் சொல்ல முடியவில்லை.

"அவன் எந்தப் பிறைன்னு விசாரிச்சியா?" என்றார். "கண்ணால பாக்காம பெருநாள் கொண்டாடுற ஆளா அவன்? பாங்க்ல ஆடிட்டர்கூட அவன் அளவுக்குப் பாக்க மாட்டான். போய் விசாரி. அழுவாத."

போனை வைத்துவிட்டு அப்படியே நின்றேன். எவ்வளவு எளிய விஷயம். எங்கள் ஊரில் காஜி ஒருவர் சொன்னால் ஊருக்கே பெருநாள். நவாபு போய்விட்டார், நவாபு காலத்துக் காஜி பதவி மட்டும் போகவில்லை. பிறை கண்டால் மலைக்கோட்டையில் பீரங்கி வெடிப்பார்களாம் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். ஆதாரம் இல்லாததால் வகுப்பில் சொன்னதில்லை. இந்த ஊரில் பீரங்கியும் இல்லை, காஜியும் இல்லை. கணக்குப் பார்ப்பவருக்கு ஒரு நாள், கண்ணால் பார்ப்பவருக்கு ஒரு நாள். எந்த நாள் என்று மகனிடம் கேட்டுக்கொள்ள வேண்டும் என்பதுகூட எனக்குத் தோன்றவில்லை. பெருநாள் என்றால் ஒன்றுதான் என்று நினைத்தே ஐம்பது வருடம் வாழ்ந்திருக்கிறேன்.

தேவியக்காவிடம் சொன்னதும் கையைக் கொட்டிச் சிரித்தார். "இதுக்கே இவ்வளவு அழுகை? எங்களிட்டயும் ரெண்டு பஞ்சாங்கம் இருக்கு ரீச்சர். வாக்கியம் ஒண்டு, திருக்கணிதம் ஒண்டு. ஒருக்கா நான் ஒரு நாள் விரதம், என்ர மனுசன் அடுத்த நாள் விரதம். அவருக்கு நான் சமைக்கேல்லை, எனக்கு அவர் சமைக்கேல்லை. ரெண்டு பேரும் ரெண்டு நாளும் பட்டினி!" கார்ச் சாவியை மறுபடி எடுத்தார். "வாங்கோ, பள்ளியைப் பார்த்திட்டு வருவம்."

டான்டினாங்கில் தொழிற்கூடங்களுக்கு நடுவே, ஒருபக்கம் டயர்க் கடை, மறுபக்கம் ஜன்னல் சட்டம் செய்கிற இடம்; நடுவில் தகரக் கூரை போட்ட ஒரு கிடங்கு. அதுதான் பள்ளிவாசல். குவிமாடம் இல்லை. உள்ளே என்ன நடக்கிறது, யார் யாரோடு இருக்கிறான் என்று இரண்டு வருடமாக நான் படுக்கையில் புரண்டு கற்பனை செய்த இடம். வாசலில் வெள்ளைத் தாடி வைத்த ஒருவர் குழாயில் தரையைக் கழுவிக்கொண்டிருந்தார். ஹாரிஸின் தாய் என்றதும் குழாயை நிறுத்தினார்.

"எங்களுக்கு இன்று முப்பதாவது நோன்பு, சகோதரி. நேற்று கடற்கரையில் நின்று பார்த்தோம், பிறை தெரியவில்லை. உங்கள் மகன் உள்ளே குர்ஆன் ஓதிக்கொண்டிருக்கிறான். வாசலுக்கு ஒரு நிமிடம் கூப்பிடட்டுமா?"

பதினைந்து அடிக்கு அப்பால் இருந்தான். செருப்பு அலமாரியில் அவன் செருப்பு எது என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. கூப்பிடுங்கள் என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

"வேண்டாம். முடித்துவிட்டு வரட்டும்," என்றேன். "மாலை மஃரிபுத் தொழுகைக்குப் பிறகு கஞ்சி இருக்கும் என்று மட்டும் சொல்லுங்கள்."

"கான்ஜி?"

"கஞ்சி. அவனுக்குத் தெரியும்."

திரும்பும் வழியில் நோபல் பார்க்கில் ஒரு இலங்கைக் கடையில் இறங்கினோம். பச்சரிசி ஒரு கிலோ நாலரை டாலர், பாசிப்பருப்பு, வெந்தயம், தேங்காய்ப் பால். பக்கத்து ஹலால் கடையில் கால் கிலோ கொத்துக்கறி. நான் பணப்பையைத் திறந்ததும் தேவியக்கா என் கையைப் பிடித்தார். அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

"நான் குடுக்கிறன் ரீச்சர். என்ர காசு எண்டால் பிள்ளைக்குச் சங்கடம் இல்லை. ஒண்டும் யோசியாமல் குடிப்பான்."

நல்ல மனதோடு சொன்னார். சரி என்று சொல்லியிருந்தால் அன்றைய மாலை சுலபமாகப் போயிருக்கும். என் பணப்பையில் இருந்தவை கணவர் தன் ஓய்வூதியத்தில் மாற்றிக் கொடுத்த டாலர்கள். அவர் கல் பொறுக்கிய அரிசி மஞ்சள் தொட்டியில் கிடந்தது. அதற்குப் பதிலாக நான் வாங்கும் அரிசி யாருடையதாக இருக்கவேண்டும்?

"இல்லக்கா. அவங்க அத்தா காசுலயே வாங்குறேன். அவன்கிட்டயும் சொல்லிடுவேன்."

"சொன்னால் குடிக்காமல் விட்டிட்டா?"

"அப்ப நானும் குடிக்கல."

கஞ்சி கொதித்துக்கொண்டிருக்கும்போது ஒன்று உறைத்தது. அன்றைக்குத் திருச்சியில் அப்பாவும், டான்டினாங்கில் மகனும் ஒரே முப்பதாவது நோன்பில் இருந்தார்கள். நடுவில் நான் ஒருத்திதான் பெருநாள் கொண்டாடியவள். காலையில் தின்ற ஒரு பேரீச்சம்பழத்துக்குப் பிறகு எதுவும் சாப்பிடாமல் பெருநாள் கொண்டாடியவள்.

எட்டு மணி ஐந்து நிமிடத்துக்கு வாசல் மணி அடித்தது. கதவைத் திறந்தது தேவியக்கா. "கள்ளன் வந்திட்டான்," என்றார்.

மெலிந்திருந்தான். தாடியில் இரண்டு நரை. ஸலாம் சொல்லி, என் இரண்டு கையையும் பிடித்துத் தன் முகத்தில் வைத்துக்கொண்டான். சேலையையும் துப்பட்டியையும் பார்த்துவிட்டான். "காலையில தனியாவா தொழப் போனீங்க? நாளைக்கின்னு சொல்லாம விட்டுட்டேனேம்மா." பிறகு, "வாசல் வரைக்கும் வந்தீங்களாமே, கூப்பிட்டிருக்கலாம்ல," என்றான்.

"நீ முடிச்சுட்டு வரட்டும்னுதான்."

ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்தான். "பேரீச்சம்பழமும் தண்ணியும்தான் ஆச்சு. தொழுதுட்டு நேரா வர்றேன்."

கிண்ணத்தில் ஊற்றி வைத்தேன். அவன் கை நீட்டும் முன்பே சொல்லிவிட்டேன். "அத்தா கல் பொறுக்கிக் கட்டிக் குடுத்த அரிசிய ஏர்போர்ட்ல எடுத்துட்டாங்க. இது இங்க வாங்குனது. அத்தா குடுத்த காசு."

கை நின்றது. தேவியக்கா குழாய்ப் பக்கம் திரும்பிக்கொண்டு, கழுவிய கோப்பையையே கழுவினார். அவன் கிண்ணத்தைப் பார்த்தபடி கேட்டான். "கல்லு அத்தாவே பொறுக்குனாங்களா?"

"அவங்களேதான். அங்க இன்னைக்கு முப்பது. அவங்க நோன்பு திறக்க இன்னும் நாலு மணி நேரம் இருக்கு."

கிண்ணத்திலிருந்து ஆவி எழுந்துகொண்டே இருந்தது. பிஸ்மில்லாஹ் என்று வாய்க்குள் சொல்லி எடுத்தான். நிறுத்தாமல் குடித்தான். சூடு பொறுக்காமல் கண்ணில் நீர் வந்தது. சூடுதான் என்று அவனும் காட்டிக்கொண்டான், நானும் நம்பிக்கொண்டேன். நானும் எனக்குக் கொஞ்சம் ஊற்றிக்கொண்டேன்.

காலிக் கிண்ணத்தை என் பக்கம் நீட்டினான்.

"இன்னும் கொஞ்சம் ஊத்துங்கம்மா," என்றான். "இந்நேரம் அத்தா மத்தியானத் தூக்கம் முழிச்சிருப்பாங்களா?"